முப்பதாவது கிலோமீட்டரில் இருக்கும் காலுக்கு ஷூ வாங்குவது எப்படி?

கடையின் குளிர்சாதனக் காற்றில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஷூவுக்குள் நுழையும் கால் வேறு. ஜவ்வாது மலையில் ஓட்டத்தின் முப்பதாவது கிலோமீட்டரில் வெயிலில் வீங்கி, வியர்வையில் ஊறி, இறக்கத்தில் முன்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும் கால் வேறு. முதல் கால்தான் ஷூவைத் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் அதன் பலனை அனுபவிப்பது இரண்டாவது கால். இந்த வேறுபாட்டை அறியாத காலத்தில், சாலையோட்டத்துக்கு அணியும் எட்டாம் எண்ணையே மலைக்கும் வாங்கிக்கொண்டு ஏலகிரிக்குப் போனேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கி வந்து சாக்ஸைக் கழற்றியபோது இரண்டு பெருவிரல் நகங்களும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. ஒரு மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தும் விட்டன. அந்த ஷூவில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை; நான்தான் தவறான காலுக்கு அதை வாங்கியிருந்தேன்.

ஷூவைப் பார்ப்பதற்கு முன் ஓடப்போகும் தரையைப் பற்றி யோசிக்க வேண்டும். சென்னை தட்டையான ஊர். இங்கே ஏற்றம் பழக விரும்புகிறவர்களுக்கு மேம்பாலத்தை விட்டால் வேறு வழி குறைவு. ஆகவே நம்மில் பெரும்பாலோரின் வாரப் பயிற்சி தார்ச்சாலையிலும், ஏரிக்கரை மண்பாதையிலும், பெசன்ட் நகர் கடற்கரையின் ஈர மணலிலும் நடக்கிறது. மாதத்துக்கு ஓரிரு முறை செங்கல்பட்டுப் பக்கத்துக் கற்குன்றுகளுக்கோ, ஜவ்வாது, ஏலகிரி போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கோ போகிறோம். ஆண்டுக்கு ஒரு முறை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என்று மேற்கே பயணம் அமைகிறது. (காப்புக்காட்டுக்குள் செல்லும் பாதை எதுவாக இருந்தாலும் வனத்துறையின் அனுமதியைப் பெற்ற பிறகே ஷூவைப் பற்றி யோசிக்கலாம்.) இந்த மூன்று வகைத் தரைகளில் உங்கள் கால் அதிக நேரம் படுவது எதில் என்று கடந்த மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் சேற்றுப் போட்டிக்காக வாங்கிய ஷூவை மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் காய்ந்த தரையில் தேய்ப்பதுதான் நம் ஊர் ஓட்டக்காரர்கள் பொதுவாகச் செய்யும் தவறு.

அடுத்தது அளவு. இதைக் கடைக்காரரிடம் விடாமல் வீட்டில் செய்துகொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல், ஒரு மணி நேரமாவது நடந்து அல்லது ஓடி முடித்த பின், ஓடும்போது அணியும் அதே சாக்ஸோடு, சுவரை ஒட்டி விரித்த செய்தித்தாளின் மேல் குதிகால் சுவரில் படும்படி எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. உடல் எடை இறங்கும்போதுதான் பாதம் தன் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் விரிகிறது. பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் பாதத்தைச் சுற்றி வரைந்தால் நல்லது, ஏனென்றால் நாமே குனிந்து வரையும்போது எடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை ஓர் அளவு, விரல்களின் அடிமூட்டுகள் இருக்கும் அகலமான இடத்தில் ஓர் அளவு என இரண்டு கால்களுக்கும் எடுங்கள். இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலின் அளவே வாங்க வேண்டிய அளவு. சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். அவர்கள் அதிலிருந்தே அளக்க வேண்டும். மார்கழிக் காலையில் எடுத்த அளவு சித்திரை வெயிலில் பொய்யாகிவிடும் என்பதால், குளிர்காலத்தில் வாங்குகிறவர்கள் சற்றுத் தாராளமாகவே கணக்கிடலாம்.

எனக்குக் காலையில் 26.4 சென்டிமீட்டர் காட்டும் வலது கால், மூன்று மணி நேர ஓட்டத்துக்குப் பின் 26.9 காட்டுகிறது. ஐந்து மில்லிமீட்டர் சிறிய வேறுபாடுபோலத் தோன்றலாம். ஆனால் நம் ஊரில் வழங்கும் பிரிட்டிஷ் எண் வரிசையில் ஒரு முழு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ளது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், அரை எண் என்பது 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆக, ஓடும்போதே என் கால் அரை எண்ணைத் தாண்டி வளர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் இறக்கத்தில் விரல் முன்சுவரில் இடிக்காமல் இருக்க ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். இவற்றைக் கூட்டினால், அலுவலக ஷூவைவிட ஒரு முழு எண் பெரிதாக வாங்குவது பலருக்கும் பொருந்தும். ஐரோப்பிய எண், அமெரிக்க எண், பிரிட்டிஷ் எண் மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்குபவை என்பதாலும், ஷூவை வடிக்கும் அச்சு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதாலும், பெட்டியின் மேல் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒப்பிடுவதே நம்பகமானது.

நீளத்தைவிட அதிகம் ஏமாற்றுவது அகலம். வீட்டில் வெறுங்காலும் வெளியே செருப்புமாக வளர்ந்த நம் பாதங்கள் விரல் பக்கம் விசிறிபோல விரிந்திருப்பது சகஜம். ஆனால் பல ஷூக்கள் முன்னால் கூம்பிய அச்சில் செய்யப்படுகின்றன. அகலம் போதாதபோது ஓர் எண் பெரிதாக வாங்கிச் சமாளிப்பது நடைமுறையில் உண்டு. அது சரியான தீர்வு அல்ல, ஏனென்றால் ஷூ நீளமாகும்போது அது மடங்கும் இடம் உங்கள் விரல் மூட்டைத் தாண்டிப் போய்விடுகிறது, குதிகாலும் பின்னால் தளர்ந்து தேய்கிறது. கடையில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலோ இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூவில் அந்த இடத்தில் கொப்புளம் வரப்போகிறது என்று பொருள். விற்பனையாளர் 'போடப் போடத் தளர்ந்துவிடும்' என்பார். தோல் ஷூவுக்கு அது ஓரளவு உண்மை. செயற்கை வலைத்துணிக்கும் அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் அது பொருந்தாது. ஆல்ட்ரா போன்ற நிறுவனங்கள் விரல் பகுதியை அகலமாகவே வடிவமைக்கின்றன. வேறு சில நிறுவனங்கள் ஒரே மாடலை 2ஈ, 4ஈ என்னும் அகல அளவுகளிலும் தருகின்றன. பெண்களுக்கான மாடல்கள் பெரும்பாலும் ஒடுக்கமான அச்சில் வருவதால், அகலப் பாதமுள்ள பெண்கள் அதே அளவில் ஆண்கள் மாடலைப் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

இன்சோல் சோதனையில் தேறிய ஷூவை மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலடி நடப்பதோடு நிறுத்தாதீர்கள். வணிக வளாகங்களில் கார் நிறுத்தத்துக்கு இறங்கும் சாய்தளமோ படிக்கட்டோ எப்படியும் இருக்கும். கடைக்காரரின் அனுமதியோடு அங்கே போய், சாய்தளத்தில் கீழ்நோக்கி நின்று, குதிகாலை இரண்டு மூன்று முறை ஓங்கி ஊன்றுங்கள். விரல் நுனி முன்னால் தொட்டாலே போதும், அந்த ஷூவை மறந்துவிடலாம். அதே சாய்தளத்தில் மேல்நோக்கி ஏறும்போது குதிகால் எவ்வளவு தூக்குகிறது என்றும் கவனியுங்கள். நூலளவு தூக்குவது இயல்பு, விரல் நுழையும் அளவுக்குத் தூக்கினால் தோல் உரியும். வேளச்சேரியில் ஒரு கடையில் நான் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது காவலர் வந்து என்ன தொலைந்தது என்று விசாரித்தார். அந்தச் சிறிய சங்கடம் நகங்களை இழப்பதைவிட மலிவு.

ஈரக்காலைத் தரையில் பதித்துப் பாதத்தின் வளைவைப் பார்த்து 'உங்களுக்கு இந்த வகை ஷூதான்' என்று தீர்ப்பளிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ ஒதுக்கிய ஆய்வுகளில், அப்படி ஒதுக்காதவர்களைவிட அவர்களுக்குக் காயங்கள் குறையவில்லை. ஓட்ட இயக்கவியலில் நெடுங்காலம் ஆய்வு செய்த கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக், 2015-இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில், ஓடுகிறவர் தனக்கு வசதியாக உணரும் ஷூவைத் தேர்ந்தெடுப்பதே காயத்தைக் குறைக்கும் வடிகட்டியாகச் செயல்படலாம் என்ற கருத்தை முன்வைத்தார். என் அனுபவமும் அதையே சொல்கிறது: மூன்று நான்கு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, காலில் ஷூ இருப்பதே மறந்துபோகும் ஜோடியை எடுத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே வலியோ பழைய காயமோ உள்ளவர்கள் மட்டும் கடைக்குப் போகும் முன் இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி ஷூவைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் இருக்கும் ரப்பர் பற்களின் உயரம் மில்லிமீட்டரில் குறிப்பிடப்படும். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் உயரமும் அகன்ற இடைவெளியும் உள்ள பற்கள் சேற்றில் புதைந்து பிடிக்கவும், ஒட்டிய மண்ணை உதறித் தள்ளவும் செய்யப்பட்டவை. அவற்றோடு காய்ந்த பாறையில் ஓடினால் ஆணி மேல் நடப்பதுபோல இருக்கும். தார்ச்சாலையில் ஓடினால் சில வாரங்களில் முனை மழுங்கிவிடும். சென்னையிலிருந்து ஓடும் ஒருவருக்கு மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர், நெருக்கமான பற்கள், போதுமான ரப்பர் பரப்பு என்பதே என் பரிந்துரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் களிமண்ணில் அது கொஞ்சம் வழுக்கும். ஆண்டில் மீதி மாதங்களின் வசதிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பல்லின் உயரத்தைவிட ரப்பரின் தன்மை முக்கியம் என்பது பாறையில் ஓடும்போதுதான் புரியும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் குன்றுகளில் இருக்கும் கருநிறப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1890-களில் இட்ட பெயர் அது. காய்ந்திருக்கும்போது இந்தப் பாறை உப்புத்தாள்போலப் பிடிக்கும். மழைக்குப் பின் பாசி ஏறினால் எந்த ஆழமான பல்லும் உதவாது. மென்மையான, சற்றே ஒட்டும் தன்மையுள்ள ரப்பர்தான் உதவும். கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பாருங்கள். லேசாகப் பதிந்து மீண்டால் மென்மையானது, கல்போல இருந்தால் நீடித்து உழைக்கும் ஆனால் வழுக்கும். விப்ரம் நிறுவனத்தின் மெகாகிரிப் என்ற ரப்பர் இந்த இரண்டுக்கும் இடையே நல்ல சமநிலை கொண்டது என்று பெயர் பெற்றிருக்கிறது. அந்த நிறுவனத்தின் கதையே இந்தப் பிரச்சினையில்தான் தொடங்கியது: 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் தகுந்த காலணி இல்லாத நிலையில் ஆறு தோழர்களை இழந்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, அதன் பிறகுதான் ரப்பர் பற்கள் கொண்ட மலையேற்ற அடியை உருவாக்கினார். விப்ரம் என்பது அவருடைய பெயரின் சுருக்கம்.

ரப்பருக்கு மேலே இருக்கும் ஃபோம் அடுக்கைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசும். இ.வி.ஏ. ஃபோம் மலிவானது, இலேசானது, மெல்ல அமுங்கிப் போவது, டி.பி.யு. கனமானது, உழைப்பது, பெபா துள்ளலானது, விலை அதிகம். தடிமனான ஃபோம் நெடுந்தூரத்தில் பாதத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் உயரம் கூடக் கூடக் கணுக்கால் மடங்கும் வாய்ப்பும் கூடும் என்பதால், தடித்த அடி வேண்டுவோர் தரையில் படும் பகுதி அகலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை டிராப் என்கிறார்கள். பத்து மில்லிமீட்டருக்குப் பழகியவர் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு மாறினால் ஆடுதசையும் குதிநாணும் எதிர்ப்புத் தெரிவிக்கும். மாற விரும்பினால் வாரத்துக்குச் சில கிலோமீட்டர் என்று பல வாரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்காக ஃபோமுக்குள் வைக்கும் கார்பன் தகடு முன்வரிசையில் ஓடுகிறவர்களின் கவலை. அதற்கு இங்கே இடமில்லை.

ஆனால் முன்பாதத்தின் அடியில் ஃபோமுக்குள் பதித்த பிளாஸ்டிக் தகடு, ராக் பிளேட் என்று சொல்லப்படுவது, நம் ஊரில் கட்டாயம் கவனிக்கத்தக்கது. அது கூர்மையான கற்களுக்காக வடிவமைக்கப்பட்டது. நமக்கோ அது சீமைக்கருவேல முள்ளுக்காக வேண்டும். மதுராந்தகம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஓர் அங்குலத்துக்கும் நீளமான முள் ஒன்று என் மென்மையான ஃபோம் ஷூவின் பற்களுக்கு இடையே நுழைந்து, இன்சோலையும் துளைத்து, இரண்டாம் விரலின் அடியில் வந்து குத்தியது. உட்கார்ந்து பிடுங்கப் பார்த்தால் வெளியே பிடிக்க நுனியே இல்லை. முழுவதும் உள்ளே போயிருந்தது. இன்சோலை உருவி, உள்ளிருந்து சாவியின் முனையால் தள்ளி, வெளியே நீட்டிய அரை மில்லிமீட்டரைப் பல்லால் கடித்து இழுத்தேன். அன்றிலிருந்து ஏரிக்கரைக்குத் தகடு உள்ள ஷூவை மட்டும் அணிகிறேன், இடுப்புப் பையில் சிறு சாமணமும் வைத்திருக்கிறேன். தகடு இருக்கிறதா என்று அறிய ஷூவின் முன்பகுதியை வளைத்துப் பாருங்கள், பின் அடியிலிருந்து பேனா முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கையை விட்டிருந்தால் அழுத்தம் ஒரு புள்ளியாக அல்லாமல் பரவலாகத் தெரிய வேண்டும். நெருஞ்சி முள்ளுக்குப் பற்களே போதும்.

மேற்பகுதியை, தோல் தொழிலில் சொல்வதுபோல அப்பரை, வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பாருங்கள். கண்கள் தெரியும் வலைத்துணி காற்றை விடும், தண்ணீரையும் விடும். அதோடு மணலையும் விடும். நெருக்கமாக நெய்த துணி மணலைத் தடுக்கும். கடற்கரையில் அதிகம் ஓடுகிறவர் இரண்டாவதையும், மற்றவர் முதலாவதையும் எடுக்கலாம். கோர்-டெக்ஸ் போன்ற நீர்புகாச் சவ்வு உள்ள ஷூவைச் சென்னைக்காரர் வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. குளிர்ந்த நாடுகளில் பனியும் புல்லின் ஈரமும் உள்ளே வராமல் தடுக்க அது உதவும். இங்கே தண்ணீர் மேலிருந்து, நம் முழங்காலிலிருந்து வியர்வையாக வழிந்து ஷூவின் வாய் வழியாக இறங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் சவ்வு வாளியாகிவிடும். ஓடையில் ஒருமுறை கால் வைத்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் கடைசிவரை சுமந்துகொண்டு ஓட வேண்டியதுதான். நமக்கு வேண்டியது விரைவில் வடியும் ஷூ. விரல் நுனியில் கெட்டியான ரப்பர் காப்பு இருக்க வேண்டும், குதிகால் கூடு கையால் நசுக்கினால் உடனே படுத்துவிடக் கூடாது, நாக்குப் பகுதி பக்கவாட்டில் தைக்கப்பட்டிருந்தால் மண்ணும் சருகும் நுழைவது குறையும்.

எவ்வளவு நல்ல ஷூவையும் பருத்தி சாக்ஸ் கெடுத்துவிடும். அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலை ஊற வைக்கிறது. செயற்கை இழையோ மெல்லிய மெரினோ கம்பளியோ போதும். விரல்களுக்கு இடையே கொப்புளம் வருகிறவர்கள் ஐந்து விரல் சாக்ஸை முயலலாம், அதற்கு ஷூவில் இன்னும் சற்று அகலம் வேண்டும். ஷூவில் லேஸ் துளைகளின் வரிசைக்கு மேலே கூடுதலாக ஒரு துளை இருப்பதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் அமைத்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் கணுக்கால் பூட்டப்படும், இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்காது. இறங்கத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் நின்று இதைச் செய்வது, அரை எண் பெரிதாக வாங்கியதால் வரும் தளர்வையும் சரிசெய்துவிடும்.

உழைப்பைப் பற்றிப் பேசினால், ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது; உடல் எடை, தரை, ஃபோம் ஆகியவற்றைப் பொறுத்து அது இரு பக்கமும் மாறும். விலையை மட்டும் பார்க்காமல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது என் வழக்கம். ஆறாயிரம் ரூபாய் ஷூ நானூறு கிலோமீட்டரில் ஓய்ந்தால் கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய்; பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூ எண்ணூறு ஓடினால் அதுவும் பதினைந்து ரூபாய்தான். கணக்கு சமமாக வரும்போது காலுக்கு இதமானதை எடுங்கள். பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குவது புத்திசாலித்தனம், ஆனால் தயாரித்த மாதத்தை நாக்குப் பகுதியின் உட்புறச் சீட்டில் பாருங்கள். பாலியூரிதேன் அடி உள்ள காலணிகள் ஈரக் காற்றில் அணியாமலே சிதையக்கூடியவை. சென்னை அலமாரிகளில் நாலைந்து ஆண்டு தூங்கிய ஷூ, வெளியே எடுத்த முதல் நாளே அடி பெயர்ந்து கையோடு வருவதற்கு அதுதான் காரணம். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் ஷூவை விட்டுவைத்தால் பசை இளகும், ஃபோம் சுருங்கும். ஓடி வந்ததும் இன்சோலை வெளியே எடுத்து, கடற்கரை உப்பை நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறியின் கீழ் நிழலில் காய வையுங்கள். சலவை இயந்திரமும் மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். இங்கே ஈரம் ஒரே இரவில் போகாது என்பதால் வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவருக்கு இரண்டு ஜோடிகள் இருப்பது ஆடம்பரம் ஆகாது.

புதிய ஷூவைப் போட்டி நாளில் முதன்முதலாக அணியக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை கிலோமீட்டருக்குப் பின் அணியலாம் என்பதில்தான் குழப்பம். ஐம்பது கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும், அதில் ஓர் ஓட்டமாவது நான்கு மணி நேரத்தைத் தொட்டிருக்க வேண்டும், ஒருமுறையாவது முழுவதும் நனைந்திருக்க வேண்டும் என்பது என் விதி. வாங்கிய தேதியை இன்சோலின் அடியில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.

பெரும்பாலும் முதலில் கிழிவது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஷூ மடங்கும் இடம். கிழிசல் நகத்தளவு இருக்கும்போதே தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனால், உள்பக்கம் ஒரு துண்டு ரெக்ஸினை வைத்து நைலான் நூலால் அழுத்தமாகத் தைத்துக் கொடுப்பார். எங்கள் தெருவில் இருப்பவர் தைத்துக் கொடுத்த ஜோடி அதன் பிறகு முந்நூறு கிலோமீட்டர் ஓடியது. அதே ஜோடியை அடுத்த ஆண்டு திரும்பக் கொண்டுபோனபோது, அவர் கிழிசலைப் பார்க்காமல் ஷூவை மேஜையில் வைத்து, குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைக் காட்டி, 'இதுக்கு நூல் போட முடியாதுப்பா' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.